கோல்ட்வாட்டர் நல்லவரா, கெட்டவரா? மகளுக்கு என்ன சொல்வது?

கேள்வி: நாங்கள் அரிசோனாவில் சாண்ட்லர் நகரில் இருக்கிறோம். கணவருக்கு சிப் தொழிற்சாலையில் வேலை. மகள் பதினோராம் வகுப்பு. அமெரிக்க வரலாற்றுப் பாடத்துக்காக ஒரு செனட்டரைப் பற்றி நீண்ட கட்டுரை எழுத வேண்டும். அவள் பாரி கோல்ட்வாட்டரை எடுத்திருக்கிறாள். ஃபீனிக்ஸ் விமான நிலையத்தில் ஒரு முனையத்துக்கே அவர் பெயர்தான். ஆனால் படிக்கப் படிக்கக் குழப்பமாக இருக்கிறது. 1964இல் சிவில் உரிமைகள் சட்டத்தை எதிர்த்து வாக்களித்தவர் என்கிறார்கள். அவரே கடைசிக் காலத்தில் ஓரினச்சேர்க்கையாளர்களுக்காகப் பேசினார் என்கிறார்கள். ஜனாதிபதித் தேர்தலில் 44 மாநிலங்களில் தோற்றவரை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்? "அவர் நல்லவரா கெட்டவராம்மா?" என்று மகள் கேட்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை. இந்த ஊர்க்காரரைக் குறை சொல்லி எழுதினால் மதிப்பெண் போய்விடுமோ என்றும் பயமாக இருக்கிறது. "வெளியிலிருந்து வந்த நமக்கு இதெல்லாம் எதற்கு?" என்கிறார் கணவர். – ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த மதிப்பெண் பயத்தைத் தள்ளி வைப்போம். கல்லூரியில் அமெரிக்க அரசியல் பாடம் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன். ஒரு தலைவரைக் கடுமையாக விமர்சிக்கிற கட்டுரைக்கு மதிப்பெண் குறைவதில்லை, சான்று இல்லாமல் விமர்சிக்கிற கட்டுரைக்குத்தான் குறையும். புகழ்ச்சிக்கும் இதே கதைதான். உங்கள் மகள் எந்தப் பக்கம் நின்றாலும், எந்தத் தேதியில் எந்தத் தீர்மானத்தில் அவர் எப்படி வாக்களித்தார் என்பதைக் காட்டி எழுதினால் ஆசிரியர் மதிக்கத்தான் செய்வார்.

அடுத்து அவளுடைய கேள்வி. கோல்ட்வாட்டர் விஷயத்தில் அவர் பேசிய கொள்கை, போட்ட வாக்கு, பின்னால் திரண்ட கூட்டம் ஆகிய மூன்றும் ஒரே திசையில் போகவில்லை. கொள்கையை மட்டும் பார்க்கிறவர்கள் அவரை நேர்மையாளர் என்கிறார்கள். வாக்கை மட்டும் பார்ப்பவர்களுக்கு அவர் அநீதிக்குத் துணை போனவர். கூட்டத்தை மட்டும் பார்த்தால் இனவெறியர்களின் வேட்பாளர். மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் மனிதர் பிடிபடுவார். அப்படிப் பார்த்து நான் வந்து சேர்ந்த முடிவையும் சொல்கிறேன். மகள் அதை ஏற்க வேண்டும் என்பதில்லை.

அவர் 1909இல் ஃபீனிக்ஸில் பிறந்தார். அரிசோனா அப்போது மாநிலம்கூட ஆகவில்லை, 1912இல்தான் ஆனது. தாத்தா போலந்திலிருந்து பிழைக்க வந்த யூத வியாபாரி. குடும்பத்தின் ஜவுளி, அலங்காரப் பொருள் கடை அந்த வட்டாரத்தில் பெயர் பெற்றது. அம்மா வழியில் பாரி கிறிஸ்தவராக வளர்ந்தார். அப்பா இறந்ததும் கல்லூரியை ஓராண்டோடு விட்டுவிட்டுக் கடைக்கு வந்தார். இரண்டாம் உலகப் போரில் ராணுவ விமானி. சரக்கு விமானங்களை இந்தியா வரை ஓட்டி வந்தவர். போர் முடிந்ததும் அரிசோனாவின் விமானத் தேசியக் காவல் படையை அமைத்தார். அதில் வெள்ளையர், கறுப்பர் என்ற பிரிவினை வைக்கவில்லை. நாட்டின் ராணுவத்தில் பிரிவினையை ஒழிக்க ஜனாதிபதி ட்ரூமன் ஆணையிட்டது 1948இல். கோல்ட்வாட்டர் அதற்கு முன்பே செய்துவிட்டார். ஃபீனிக்ஸ் பள்ளிகளில் இருந்த நிறப் பிரிவினையை எதிர்த்து நடந்த வழக்குக்கும் பணம் கொடுத்திருக்கிறார். இந்த விவரங்களைக் கட்டுரையில் விட்டுவிட வேண்டாம். பின்னால் வருவது ஏன் வலிக்கிறது என்பது இவை தெரிந்தால்தான் புரியும்.

"யார் தயவும் இல்லாமல் பாலைவனத்தில் தாங்களே எழுந்து நின்றவர்கள் நாங்கள், வாஷிங்டன் எங்களை விட்டால் போதும்" என்பதுதான் அவர் அரசியலின் அடிநாதம். இந்த இடத்தில் உங்கள் மகளுக்கு ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது, ஏனென்றால் சான்றுகள் உங்கள் வீட்டைச் சுற்றியே கிடக்கின்றன. ஃபீனிக்ஸ் பள்ளத்தாக்கை வளர்த்ததில் பெரும் பங்கு மத்திய அரசின் பணத்துக்கு உண்டு. 1911இல் முடிந்த ரூஸ்வெல்ட் அணை மத்திய அரசு கட்டியது. போர்க் காலத்தில் லூக், வில்லியம்ஸ் விமானத் தளங்கள் வந்தன. வில்லியம்ஸ் தளம் சாண்ட்லருக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அப்புறம் பாதுகாப்புத் துறை ஒப்பந்தங்களை நம்பி மின்னணுத் தொழிற்சாலைகள் வந்தன. கொலராடோ ஆற்று நீரை ஏறக்குறைய 540 கிலோமீட்டர் தூரம் கொண்டுவரும் மத்திய அரிசோனா நீர்த்திட்டத்துக்கு 1968இல் நாடாளுமன்றம் ஒப்புதல் தந்தது. அந்தத் திட்டத்தை விடாமல் ஆதரித்தவர்களில் கோல்ட்வாட்டரும் ஒருவர். மத்திய அரசின் அணை, மின்சார நிறுவனமான டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தை விற்றுவிடலாம் என்று சொன்னவர், தன் மாநிலத்துக்கு வாஷிங்டன் வெட்டித் தந்த கால்வாயை வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் பொய் பேசினார் என்று நான் நினைக்கவில்லை. தன் ஊரைப் பற்றி அவர் மனதில் இருந்த சித்திரத்தில் அந்த அணைகளும் கால்வாய்களும் இடம்பெறவே இல்லை. அவருடைய ஆதரவாளர்கள் பலருக்கும் இது பொருந்தும்.

1949இல் ஃபீனிக்ஸ் நகரமன்றத்துக்குத் தேர்வானார். 1952இல் செனட் தேர்தலில் எர்னஸ்ட் மெக்ஃபார்லண்டைத் தோற்கடித்தார். மெக்ஃபார்லண்ட் அப்போது செனட்டில் பெரும்பான்மைக் கட்சித் தலைவர். அவ்வளவு பெரிய ஆளை ஒரு கடைக்காரர் வீழ்த்தியது பரபரப்பான செய்தியாயிற்று. அதே தேர்தலில் குடியரசுக் கட்சி சார்பில் ஜனாதிபதியான ஐசன்ஹோவரின் அலை உதவியது என்பதும் உண்மைதான். 1958இல் அதே மெக்ஃபார்லண்டை மறுபடியும் வென்றார். இடையில் 1954இல், கம்யூனிஸ்ட் வேட்டை நடத்திய செனட்டர் ஜோசஃப் மெக்கார்த்தியைக் கண்டித்துத் தீர்மானம் வந்தபோது, எதிர்த்து வாக்களித்த 22 குடியரசுக் கட்சியினரில் இவரும் ஒருவர். தொழிற்சங்கங்களின் அதிகாரத்தை அவருக்குப் பிடிக்காது. 1959இல், அப்போது செனட்டராக இருந்த கென்னடி கொண்டுவந்த தொழிலாளர் சீர்திருத்த மசோதா போதாது என்று எதிர்த்தார். செனட்டில் ஆதரவு 90, எதிர்ப்பு 1. அந்த ஒன்று இவர். தன் கட்சிக்காரரான ஐசன்ஹோவரின் வரவுசெலவுத் திட்டத்தையே அதிகச் செலவு என்று மன்றத்தில் எழுந்து தாக்கினார். தனியாக நிற்கத் தயங்காதவர் என்ற பெயர் இப்படித்தான் வந்தது.

1960இல் அவர் பெயரில் ஒரு சிறு நூல் வந்தது. 'ஒரு பழமைவாதியின் மனசாட்சி' என்பது தலைப்பு. எழுதிக் கொடுத்தவர் ப்ரென்ட் போஸல், கருத்துகள் கோல்ட்வாட்டருடையவை. அரசு சுருங்க வேண்டும், விவசாய மானியம் போக வேண்டும், எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் வருமான வரி, பள்ளிக்கூடங்களை நடத்துவது மாநிலங்களின் வேலை, சோவியத்தோடு சேர்ந்து வாழ்வதல்ல, அதை வெல்வதே இலக்கு. அதுவரை பழமைவாதம் என்றால் பணக்காரர்களின் முணுமுணுப்பு என்றிருந்த நாட்டில், கல்லூரி மாணவர்கள் இந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு திரிந்தார்கள். லட்சக்கணக்கில் விற்றது.

இனி 1964. கட்டுரையில் பாதி இங்கே போகட்டும்.

1957ஆம் ஆண்டின் சிவில் உரிமைச் சட்டத்துக்கு ஆதரவாக வாக்களித்தவர் கோல்ட்வாட்டர். 1964 மசோதாவில் அவருக்கு ஒப்புதல் இல்லாதவை முக்கியமாக இரண்டு பிரிவுகள். ஒன்று, உணவகம், விடுதி, திரையரங்கு போன்ற இடங்களில் நிறம் பார்த்து ஆளை வெளியே அனுப்பக் கூடாது என்ற இரண்டாம் பிரிவு. இன்னொன்று, வேலைக்கு எடுப்பதில் பாகுபாட்டைத் தடுக்கும் ஏழாம் பிரிவு. தனியார் ஒருவர் யாரோடு வியாபாரம் செய்ய வேண்டும் என்று சொல்ல மத்திய அரசுக்கு அரசியல் சட்டம் அதிகாரம் தரவில்லை, இதை அமல்படுத்தப் பெரிய போலீஸ் படையே வேண்டியிருக்கும் என்று வாதாடினார். பிற்காலத்தில் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியான வில்லியம் ரென்க்விஸ்ட் அப்போது ஃபீனிக்ஸில் வழக்கறிஞர். அவரும் சட்டப் பேராசிரியர் ராபர்ட் போர்க்கும் இந்தச் சட்ட வாதத்தை வகுக்க உதவினார்கள். ஜூன் 19 அன்று வாக்கெடுப்பு. 73 பேர் ஆதரவு, 27 பேர் எதிர்ப்பு.

அந்த 27ஐ மகள் பிரித்துப் பார்க்கட்டும். 21 பேர் ஜனநாயகக் கட்சியினர், பெரும்பாலும் தென் மாநிலத்தவர். குடியரசுக் கட்சியினர் ஆறே பேர். அந்தக் கட்சியின் மற்ற 27 செனட்டர்கள் சட்டத்தை ஆதரித்தார்கள். இன்றைய கட்சிப் பெயர்களை வைத்து 1964ஐப் படிக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது. கோல்ட்வாட்டர் அன்று கட்சிக்குக் கட்டுப்பட்டு வாக்களிக்கவில்லை. கட்சியின் பெரும்பான்மைக்கு எதிராக, ஆப்ரகாம் லிங்கனின் கட்சி என்ற மரபுக்கும் எதிராக வாக்களித்தார். நான்கு வாரத்துக்குள் அதே கட்சி அவரை ஜனாதிபதி வேட்பாளராக்கியது.

அவருடைய சட்ட வாதம் நின்றதா? அதே ஆண்டு டிசம்பரில், அட்லாண்டாவின் ஒரு விடுதி தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இரண்டாம் பிரிவு செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில். மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் அதற்குப் போதும் என்றார்கள்.

ஆனால் எனக்கு அவர்மேல் உள்ள பெரிய குறை சட்டத்தைப் பற்றியது இல்லை. அவர் சொன்ன சுதந்திரக் கொள்கையை அப்படியே எடுத்துக்கொள்வோம். அரசு தனிமனிதனை நசுக்கக் கூடாது. சரி. அன்று அமெரிக்காவில் அரசின் கையால் மிக அதிகமாக நசுக்கப்பட்ட குடிமகன் யார்? மிசிசிப்பியிலோ அலபாமாவிலோ இருந்த கறுப்பினத்தவர். ஓட்டுப் பதியப் போனால் மாவட்ட அதிகாரி துரத்தினார். பள்ளியையும் பேருந்தையும் மாநிலச் சட்டம் பிரித்தது. பல ஊர்களில் ஒரே கூரையின் கீழ் இரு நிறத்தவருக்கும் உணவு பரிமாறுவதை ஊர்ச் சட்டமே தடுத்தது. உணவக முதலாளியின் சுதந்திரத்தைப் பற்றிக் கவலைப்பட்ட மனிதர், இந்த அரசாங்க வன்முறையை அதே சூட்டோடு எதிர்த்து நாடு முழுவதும் முழங்கியிருந்தால் அவர் கொள்கையை நான் முழுவதும் நம்பியிருப்பேன். அவர் அப்படி முழங்கவில்லை. அது மாநிலங்களின் விவகாரம் என்று ஒதுங்கினார். மார்ட்டின் லூதர் கிங் அப்போது சொன்னதன் சாரம் இது: கோல்ட்வாட்டர் இனவெறியர் அல்ல, ஆனால் அவர் பேசும் தத்துவம் இனவெறியர்களுக்குத் துணையாகவும் ஆறுதலாகவும் இருக்கிறது. அவ்வளவு காயப்பட்ட நிலையிலும் கிங் எவ்வளவு அளந்து பேசியிருக்கிறார் பாருங்கள்.

இதெல்லாம் தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்லவும் வழியில்லை. 1961இலேயே அட்லாண்டாவில் கோல்ட்வாட்டர் பேசியிருக்கிறார்: கறுப்பின வாக்கு மொத்தமாக நமக்கு வரப்போவதில்லை, ஆகவே வாத்து இருக்கும் இடத்தில்தான் வேட்டைக்குப் போக வேண்டும் என்று. வாத்து என்று அவர் குறித்தது தெற்கின் வெள்ளை வாக்காளர்களை. கொள்கைக்காகவே வாக்களித்தார் என்று யாராவது சொன்னால் மகள் இந்த வாக்கியத்தைப் பக்கத்தில் வைத்துப் பேசட்டும். கொள்கை இருந்தது, கணக்கும் இருந்தது.

ஆதரவாளர்களுக்கு வருவோம். இவர்களைப் பற்றி எழுதும்போது மாணவர்கள் எல்லோரையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுவார்கள். அது சரியில்லை. 1961 முதலே கிளிஃப்டன் வைட் என்ற அமைப்பாளர், கோல்ட்வாட்டர் சம்மதிக்கும் முன்பே, மாவட்டம் மாவட்டமாகக் கட்சிப் பிரதிநிதிகளைத் திரட்டினார். கட்சியை நியூயார்க் செல்வந்தர்கள் கையிலிருந்து மீட்க வேண்டும் என்று நினைத்த மேற்குப் பகுதிச் சிறு தொழிலதிபர்கள் வந்தார்கள். தெற்கு கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியில் குடும்பத் தலைவிகள் வீட்டு வரவேற்பறையில் கூட்டம் போட்டு, துண்டறிக்கை மடித்து, கதவு கதவாகத் தட்டினார்கள். போர்த் தளவாடத் தொழிற்சாலைச் சம்பளத்தில் வீடு வாங்கிய புறநகர்க் குடும்பங்கள் அவை. 1960இல் தொடங்கிய சுதந்திரத்துக்கான இளம் அமெரிக்கர்கள் அமைப்பின் மாணவர்கள் வந்தார்கள். பள்ளி மாணவியாக இருந்த ஹிலாரி கிளின்டன்கூட அப்போது கோல்ட்வாட்டருக்காகப் பிரசாரம் செய்தவர்தான். ஐசன்ஹோவரையே கம்யூனிஸ்ட் கைப்பாவை என்று எழுதிய ராபர்ட் வெல்ச் நிறுவிய தீவிரக் கம்யூனிச எதிர்ப்பு அமைப்பான ஜான் பர்ச் சொசைட்டிக்காரர்களும் வந்தார்கள். நிறப் பிரிவினை நிலைக்க வேண்டும் என்ற தென்னாட்டு வெள்ளையர்களும் வந்தார்கள். தென் கரோலினா செனட்டர் ஸ்ட்ராம் தர்மண்ட் அந்தச் செப்டம்பரில் ஜனநாயகக் கட்சியை விட்டுக் குடியரசுக் கட்சிக்கே மாறினார்.

ஆரஞ்சு கவுண்டி இல்லத்தரசியும் தர்மண்டும் ஒரே நோக்கத்தோடு வந்தவர்கள் இல்லை. ஆனால் தலைவர் ஒருவர் யாரை வரவேற்கிறார், யாரை வாசலில் நிறுத்துகிறார் என்பது அவருடைய பொறுப்பு. கட்சி மாநாடு ஜூலையில் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்தது. தீவிரவாதக் குழுக்களைக் கண்டிக்கும் தீர்மானத்தை ஆதரித்துப் பேச வந்த நியூயார்க் ஆளுநர் நெல்சன் ராக்ஃபெல்லரைப் பேசவிடாமல் கூட்டம் கூச்சலிட்டது. தீர்மானம் தோற்றது. அங்கிருந்த கறுப்பின பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சன், ஹிட்லரின் ஜெர்மனியில் ஒரு யூதருக்கு எப்படி இருந்திருக்கும் என்று தனக்கு இப்போது தெரிகிறது என்றார். காயத்தை ஆற்ற ஒரு வார்த்தை சொல்ல வேண்டிய நேரத்தில் கோல்ட்வாட்டர் மேடையேறினார். சுதந்திரத்தைக் காப்பதில் தீவிரம் குற்றமல்ல, நீதியைத் தேடுவதில் மிதம் அறமல்ல என்றார். தனியாகப் படித்தால் கம்பீரமான வாக்கியம். அந்த அரங்கில், அந்தக் கூச்சலுக்குப் பிறகு அதற்கு வேறு பொருள் வந்துவிட்டது.

தேர்தல் பிரசாரத்தைச் சுருக்கமாகவே எழுதலாம். முதியோர் ஓய்வூதியத் திட்டத்தை விருப்பப்பட்டவர் சேரட்டும் என்று மாற்றலாம் என்ற அவர் பேச்சு வயதானவர்களைப் பயமுறுத்தியது. அணு ஆயுதம் பற்றி அவர் அலட்சியமாகப் பேசியவை அதைவிடப் பயமுறுத்தின. பூவிதழ் எண்ணும் சிறுமியையும் அணுகுண்டு வெடிப்பையும் காட்டிய, எதிர்த்து நின்ற ஜனாதிபதி ஜான்சன் தரப்பின் விளம்பரம் செப்டம்பர் 7 அன்று ஒரே ஒரு முறைதான் காசு கொடுத்து ஒளிபரப்பானது. அதுவே போதுமாயிற்று. ஒரு பத்திரிகை, அவரை நேரில் பார்த்தே இராத மனநல மருத்துவர்களிடம் கருத்துக் கேட்டு, அவர் பதவிக்குத் தகுதியற்றவர் என்று வெளியிட்டது. அவர் வழக்குப் போட்டு வென்றார். பரிசோதிக்காத பொது மனிதரின் மனநிலை பற்றி மருத்துவர்கள் கருத்துச் சொல்லக் கூடாது என்று 1973இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் வகுத்த விதி இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. இந்த விஷயத்தில் அநியாயம் அவருக்கு நடந்தது என்பதை மகள் தயங்காமல் எழுதட்டும்.

ஜான்சன் 61 சதவீத வாக்கு வாங்கினார். இவருக்கு 38.5. வென்றது ஆறு மாநிலங்கள்: அரிசோனா, மிசிசிப்பி, அலபாமா, ஜார்ஜியா, லூசியானா, தென் கரோலினா. சொந்த மாநிலத்தை நூலிழையில் வென்றவருக்கு மிசிசிப்பியில் 87 சதவீதம் கிடைத்தது. அந்த மாநிலத்தில் கறுப்பின மக்களில் மிகப் பெரும்பாலோர் வாக்காளர் பட்டியலிலேயே இல்லை. இந்த இரண்டு தகவலையும் அடுத்தடுத்து வைத்தால் போதும், விளக்கவுரை தேவைப்படாது.

உங்கள் கணவரின் கேள்விக்கு இந்த இடத்தில்தான் பதில் இருக்கிறது. கோல்ட்வாட்டரின் தோல்வி அவரோடு பல குடியரசுக் கட்சி உறுப்பினர்களையும் இழுத்துக்கொண்டு போனது. பிரதிநிதிகள் சபையில் ஜனநாயகக் கட்சிக்கு 295 இடங்கள், செனட்டில் 68. அந்தப் பலத்தில்தான் 1965இல் முதியோர் மருத்துவக் காப்பீடு வந்தது, வாக்குரிமைச் சட்டம் வந்தது, அக்டோபர் 3 அன்று புதிய குடியேற்றச் சட்டமும் கையெழுத்தானது. அதற்கு முன் இந்தியாவிலிருந்து ஆண்டுக்கு 100 பேர் என்பதுதான் ஒதுக்கீடு, 1946இல் வைத்த கணக்கு. நாட்டுவாரி ஒதுக்கீட்டை 1965 சட்டம் ஒழித்த பிறகே நம்மவர்கள் மருத்துவர்களாகவும் பொறியாளர்களாகவும் கணிசமாக அமெரிக்கா வர முடிந்தது. அந்தச் சட்டத்துக்குக் குடியரசுக் கட்சியிலும் நிறைய ஆதரவு இருந்தது, ஆகவே கோல்ட்வாட்டர் தோற்றதால் மட்டுமே வந்தது என்று எழுதிவிட வேண்டாம். ஆனால் 1964 நவம்பரில் மக்கள் போட்ட வாக்குக்கும் உங்கள் குடும்பம் இன்று சாண்ட்லரில் இருப்பதற்கும் தொடர்பு உண்டு. வேலைக்கு ஆளெடுக்கும்போது உங்கள் கணவரின் பிறந்த நாட்டையோ மதத்தையோ பார்த்து மறுக்கக் கூடாது என்று காப்பதும் அவர் எதிர்த்த அதே ஏழாம் பிரிவுதான். வெளியிலிருந்து வந்தவர்களுக்கு இதில் என்ன என்று இனி கேட்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

இவ்வளவு பெரிய தோல்வியை ஏன் கொண்டாடுகிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். தோற்ற பிரசாரம் மூன்று சொத்துகளை விட்டுச் சென்றது. முதலாவது ஆள். தேர்தலுக்கு ஒரு வாரம் முன்பு, அக்டோபர் 27 அன்று, நடிகர் ரொனால்ட் ரேகன் கோல்ட்வாட்டருக்காகத் தொலைக்காட்சியில் பேசினார். இரண்டே ஆண்டில் கலிஃபோர்னியா ஆளுநர், 1980இல் ஜனாதிபதி. இரண்டாவது பட்டியல். சில பெரும் முதலாளிகளை நம்பாமல் எண்ணற்ற சாதாரண மக்களிடம் சிறு தொகை வாங்கிய பிரசாரம் அது. ரிச்சர்ட் விகரி என்ற இளைஞர், பிரதிநிதிகள் சபைச் செயலரின் அலுவலகத்தில் இருந்த பதிவேடுகளில் 50 டாலரும் அதற்கு மேலும் கொடுத்தவர்களின் பெயர்களைக் கையால் நகலெடுக்கச் செய்து, அதை வைத்துத் தபால்வழி நிதி திரட்டும் தொழிலையே உருவாக்கினார். அடுத்த இருபது ஆண்டுப் பழமைவாத இயக்கம் அந்தப் பெயர்களிலிருந்து வளர்ந்தது. மூன்றாவது வரைபடம். உள்நாட்டுப் போருக்குப் பின் ஜனநாயகக் கட்சியின் கோட்டையாக இருந்த தெற்கு, குடியரசுக் கட்சிக்கு வாக்களிக்கும் என்று தெரிந்துவிட்டது. கறுப்பின வாக்கில் குடியரசுக் கட்சி வேட்பாளர் நிக்சன் 1960இல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வாங்கியிருந்தார். 1964இல் அது ஆறு சதவீதம் அளவுக்குச் சரிந்தது. அதற்குப் பிறகு அந்தக் கட்சியால் பழைய நிலைக்குத் திரும்பவே முடியவில்லை.

அவர் 1968இல் செனட்டுக்குத் திரும்பி 1987 வரை இருந்தார். மகளுக்குக் குழப்பம் தருகிற கோல்ட்வாட்டர் இந்தக் காலத்தவர். 1974 ஆகஸ்ட் 7 அன்று, கட்சியின் செனட், பிரதிநிதிகள் சபைத் தலைவர்களான ஹ்யூ ஸ்காட், ஜான் ரோட்ஸ் ஆகியோருடன் வெள்ளை மாளிகைக்குப் போய், செனட்டில் உங்களைக் காப்பாற்ற ஆள் இல்லை என்று வாட்டர்கேட் ஊழலில் சிக்கியிருந்த ஜனாதிபதி நிக்சனிடம் சொன்னார். மறுநாள் நிக்சன் ராஜினாமாவை அறிவித்தார். சொந்தக் கட்சி ஜனாதிபதியிடம் அதைச் சொல்லும் தகுதி அன்று அவருக்கு இருந்தது. அதை நான் மிகவும் மதிக்கிறேன். 1981இல் அரிசோனாக்காரரான சாண்ட்ரா டே ஓ'கானரை ரேகன் உச்ச நீதிமன்றத்துக்கு நியமித்தபோது, மதபோதகர் ஜெர்ரி ஃபால்வெல் எதிர்த்தார். நல்ல கிறிஸ்தவர் ஒவ்வொருவரும் ஃபால்வெல்லின் பின்புறத்தில் உதைக்க வேண்டும் என்று கோல்ட்வாட்டர் சொன்னார். மதக் குழுக்கள் செனட்டர்களை மிரட்டுவதை மன்றத்திலேயே கண்டித்தார். ராணுவத் தலைமை அமைப்பை மாற்றிய 1986 சட்டம் அவர் பெயரைத் தாங்கியது. ஓய்வுக்குப் பின் 1993இல், ஓரினச்சேர்க்கையாளர்கள் ராணுவத்தில் இருக்கக் கூடாது என்ற தடையை நீக்கச் சொல்லி எழுதினார். சிப்பாய் நேராகச் சுடுகிறானா என்பதுதான் முக்கியம் என்பது அவர் வாதம்.

கடைசிக் காலத்தில் மனிதர் மாறிவிட்டார் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அரசு தனிமனிதன் விஷயத்தில் தலையிடக் கூடாது என்ற அதே கொள்கைதான், இப்போது அது ஒடுக்கப்பட்டவருக்குச் சாதகமாக விழுந்தது. 1964இல் ஒடுக்குகிறவருக்குச் சாதகமாக விழுந்தது. மார்ட்டின் லூதர் கிங் பிறந்தநாளைத் தேசிய விடுமுறையாக்கும் சட்டத்தை 1983இல் எதிர்த்து வாக்களித்த 22 செனட்டர்களிலும் அவர் இருந்தார். ஆகவே பாவம் செய்து திருந்தியவர் என்ற கதை வேண்டாம்.

என் முடிவு இதுதான். தனிப்பட்ட முறையில் அவர் நாணயமானவர், துணிச்சலானவர். தன் வாழ்நாளின் மிக முக்கியமான வாக்கில் தவறு செய்தார். அந்தத் தவறால் யார் மகிழ்வார்கள் என்று தெரிந்தே செய்தார். முதல் வாக்கியத்தை வைத்து அடுத்த இரண்டையும் அழிக்க முடியாது, அடுத்த இரண்டை வைத்து முதலாவதையும் அழிக்க முடியாது. மகள் வேறு முடிவுக்கு வந்தால், அவள் சான்றுகளைக் கேட்டுப் பாருங்கள், உங்களுடையதைச் சொல்லுங்கள். சாப்பாட்டு மேசையில் நடக்கட்டும் அந்த வாக்குவாதம்.

கட்டுரைக்கு ஒரு யோசனை. வாழ்க்கை முழுவதையும் எழுத முயன்றால் அகராதிக் குறிப்பு போல ஆகிவிடும். 1964 ஜூன் 19 வாக்கிலிருந்து ஜூலை மாநாட்டு உரை வரையிலான அந்த நான்கு வாரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மசோதாவை எதிர்த்து அவர் மன்றத்தில் பேசிய உரை, பெயர்வாரி வாக்குப் பதிவு, மாநாட்டு உரை மூன்றையும் முழுதாக அவளே படிக்க வேண்டும், பிறர் எழுதிய சுருக்கத்தை நம்ப வேண்டாம். உங்கள் வீட்டிலிருந்து பக்கத்திலேயே டெம்பியில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கோல்ட்வாட்டரின் கடிதங்களும் ஆவணங்களும் அதன் நூலகத்தில்தான் உள்ளன. முன்கூட்டியே எழுதிக் கேட்டு, எந்தப் பெட்டிகளைப் பார்க்கலாம் என்று தெரிந்துகொண்டு அவளை ஒரு விடுமுறை நாளில் அழைத்துப் போங்கள். 1964 கோடையில் அவருக்கு வந்த கடிதங்களைக் கேட்கச் சொல்லுங்கள், ஆதரித்து எழுதியவர்களும் திட்டி எழுதியவர்களும் தங்கள் கையெழுத்திலேயே அவளிடம் பேசுவார்கள்.